இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டிகளின் மந்தத்தைப் போக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய ஏர் ஃபில்டர், அகலமான சைலன்சர் குழாய், புது இக்னிஷன் காயில் என்று வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் நீளமாக இருந்தது. வண்டி ஏன் இழுக்கவில்லை என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் காணோம். கோளாறு இன்ஜினிலா, கியர்பாக்ஸிலா, பின் ஆக்ஸிலிலா என்று தெரியாமல் சாமான் வாங்குவது வீண் செலவு.

ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருவது அதுதான். அதற்குள் ஸ்டேட்டர் என்ற பாகம் ஒரு பக்கமாக மட்டும் சுற்றும் கிளட்சின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிளட்ச் பிடிப்பை இழந்தால் இந்தப் பெருக்கம் கிடைக்காது. வண்டி சோம்பலாக நகரும், வேகம் பிடித்த பிறகு ஒரு குறையும் இல்லாமல் ஓடும். இதை இன்ஜின் கோளாறு என்று நினைத்து கார்புரேட்டரைக் கழற்றுபவர்கள் நிறையப் பேர். மாறாக ஸ்டேட்டர் இறுகிவிட்டால், கிளம்புவது நன்றாக இருக்கும். அதிவேகத்தில் மூச்சு வாங்கும், கியர்பாக்ஸ் ஆயிலும் சூடாகும்.

கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க, வண்டியை நகரவிடாமல் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கிப் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் அளவு சரியாக இருக்க வேண்டும், சூடேறியும் இருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரை டி-யில் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் ஆர்.பி.எம். எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 5 நொடிக்கு மேல் மிதிக்கக் கூடாது, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவும் கூடாது. வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதை விடக் கொஞ்சம் குறைந்தால் இன்ஜினில் பலம் இல்லை. மிகவும் குறைந்தால் ஸ்டேட்டரைச் சந்தேகிக்கலாம். அதிகமாகப் போனால் கியர்பாக்ஸுக்குள் கிளட்சுகள் வழுக்குகின்றன. அப்போது ஏர் ஃபில்டர் என்ன செய்துவிடும்?

சரி, இன்ஜின்தான் என்று தெரிந்தாலும் முதலில் காசில்லாத சோதனைகளைச் செய்யலாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்தோ, காலடி மேட் இடித்தோ முக்கால் பங்கோடு நின்றுவிடுவதுண்டு. அப்புறம் ஃபியூயல் ஃபில்டர், இக்னிஷன் டைமிங். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்பதை, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜ் சொல்லிவிடும். ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் முள், 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை என்று அர்த்தம்.

கட்டுரை தொடாமலே விட்டது டயர். பிக்கப் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய டயர் மேல் ஒரு மோகம் உண்டு, நானும் விதிவிலக்கல்ல. கம்பெனி கொடுத்த 29 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால், 3.55 ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று வர, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு எத்தனை சுற்று வருகிறது என்ற கணக்கு) நடைமுறையில் 3.12 ஆகிவிடும். சக்கரத்தில் கிடைக்கும் இழுவையில் சுமார் 12 சதவீதம் அங்கேயே போய்விட்டது. டயரின் கூடுதல் எடை வேறு. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 91-இல் போகும். முதல் கியர் விகிதம் 2.52 மட்டுமே உள்ள, ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமாட்டிக் 350 போன்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். முதல் கியர் விகிதம் 3.06 உள்ள, அதே கம்பெனியின் நான்கு கியர் பெட்டியான 700-ஆர்4-இல் ஓரளவு சமாளிக்கலாம்.

உங்கள் ஆக்ஸில் விகிதம் தெரியாவிட்டால் டிஃபரன்ஷியல் மூடியில் உள்ள தகட்டைப் பாருங்கள். தகடு விழுந்திருந்தால், சமதளத்தில் கியரை நியூட்ரலில் வைத்து, டயர் சரியாக ஒரு சுற்று சுற்றும் வரை வண்டியைத் தள்ளி, ஆக்ஸிலுக்குப் போகும் அந்தத் தண்டு, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட், எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றரை சுற்றுக்குச் சற்று மேல் என்றால் 3.55. அந்த 33 அங்குல டயரோடு பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் ஆக்ஸிலுக்குள் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை 4.10 விகிதத்தில் போட வேண்டும். நான்கு சக்கர டிரைவ் என்றால் முன் ஆக்ஸிலிலும் மாற்றியாக வேண்டும், அதனால் செலவு இரட்டிப்பு. பழைய அளவு டயருக்கே திரும்பிவிடுவதுதான் மலிவு. அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது கட்டுரையின் கடைசிப் பத்திதான். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிளை, கியர் மாறுவது பிடித்தமாக இருக்கும் வரை கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 700-ஆர்4 போன்ற பெட்டியில் அந்தக் கேபிள் கியர் மாறும் நேரத்தோடு உள்ளே உள்ள ஆயில் அழுத்தத்தையும் தீர்மானிக்கிறது. தொய்வாக விட்டால் கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும், ஓட்டுபவருக்கு இதமாகக்கூட இருக்கும். ஆனால் அழுத்தம் போதாமல் கிளட்சுகள் வழுக்கி, கொஞ்ச தூரத்திலேயே கருகிவிடும். த்ராட்டில் முழுதாகத் திறக்கும்போது கேபிளும் தன் முழு நீளத்துக்கு இழுபட்டிருக்க வேண்டும். அளவு அவ்வளவுதான், ஓட்டுபவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. யாராவது அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் போவதற்குள், அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பிக்கப் ஓட்டும் ஒரு வாசகர்