குட்டிக் கட்டை பொம்மைகள்: புதியவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. குட்டிக் கட்டைகளை அடுக்கிச் செய்யும் பொம்மை பாதியிலேயே கழன்று விழுகிறது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானின் கவாடா நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த நானோபிளாக் என்ற கட்டை வகையில் மிகச் சிறியது 4 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரம்தான். லெகோ கட்டையின் அகலத்தில் பாதி. பிடிமானமும் அதற்கேற்பக் குறைவு. ஆகவே செங்கல் சுவர் மாதிரி, கீழ் வரிசையின் இணைப்புக்கு மேல் எப்போதும் ஒரு முழுக் கட்டை வரவேண்டும். கழுத்தில் இதை மறந்தால் தலை நிற்காது. எனக்கு மூன்று முறை விழுந்திருக்கிறது.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சமதளத்தில் வைத்து நேராக அழுத்துங்கள், பக்கவாட்டில் தள்ள வேண்டாம். கண்ணுக்கான ஒற்றைக் கட்டைகளை இடுக்கியால் வையுங்கள். அப்புறம், கண்ணின் இடம்தான் முகத்தின் உயிர். ஒரு குமிழ் (கட்டையின் மேலுள்ள சிறு மேடு) தள்ளிப்போனாலும் கதாபாத்திரமே வேறு ஆளாகிவிடும்! அதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம்வாரியாகப் பிரித்துச் சிறு கிண்ணங்களில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடு என்றால் எழும்போதே மூடிவையுங்கள், வாயில் போட்டால் ஆபத்து.

ஞாயிறு மாலைக்குள் உங்கள் பொம்மையின் படத்தை, முன்பக்கமும் பின்பக்கமும், இங்கே அனுப்புங்கள். பாதியில் நிற்பதும் சரி.