செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: கார்ட்ரிட்ஜ் பொருத்தமும் உதிரிப்பாகங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இசைத்தட்டு அன்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு மாதாந்திரக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. கச்சேரி சீசனை முன்னிட்டு டிசம்பரில் மட்டும் வழக்கம்போல் கூட்டம் இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான். உறுப்பினர்களின் டர்ன்டேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தக் கைக்கு (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்முக்கு) எந்த கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்னலையாக்கும் சிறு பாகம்) பொருந்துகிறது, பழுதானால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று பதிவேட்டில் எழுதிவைத்தோம். அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

இந்தப் பணி தொடங்கக் காரணம் சென்னையின் வெயில். நம் வீடுகளில் உள்ள கர்நாடக இசை எல்.பி.க்களில் நெளியாத தட்டு அரிது. நெளிந்த தட்டு சுழலும்போது கையை மேலும் கீழும் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் பெரும்பாலும் ஆறேழு ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நிகழ்கிறது. கையின் எடையும் முள்ளைத் தாங்கும் ரப்பரின் நெகிழ்வும் சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு (கை மிக எளிதாக ஆடத் தொடங்கும் அதிர்வெண்) அதே இடத்தில் விழுந்துவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கருவியானாலும் முள் தத்தளிக்கும். ஒத்ததிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதே நல்லது. நெளிவுக்கு மேலே, இசைக்குக் கீழே என்ற இடைவெளி அது.

கணக்கு கடினமானதல்ல. கையின் பயன்நிறை (கை அசையும்போது முள் உணரும் நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, அதை நெகிழ்வு எண்ணால் (ரப்பர் எவ்வளவு எளிதில் வளையும் என்று தயாரிப்பாளர் தரும் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதனால் வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் கிடைக்கும். இதில் பலர் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் பல, நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து வெளியிடுகின்றன. நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு; அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. டெனான் டிஎல்-103-ஐ எடுத்துக்கொள்வோம். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவாக்கப்பட்டு, இன்றும் தயாரிப்பில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் அது. எடை 8.5 கிராம், 100 ஹெர்ட்ஸில் நெகிழ்வு 5. பயன்நிறை 12 கிராம் உள்ள டெக்னிக்ஸ் கையில் அதை வைத்து அப்படியே கணக்கிட்டால் விடை 15-ஐத் தாண்டுகிறது. பொருந்தாது என்று ஒதுக்கியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். நெகிழ்வை 9 என்று திருத்திப் போட்டால் 11-க்குச் சற்று மேலே நிற்கிறது. தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் மாதக் கூட்டத்தில் இதற்கு நேர்மாறானதைக் கண்ணால் பார்த்தோம். மிகுந்த நெகிழ்வுள்ள பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றை, பயன்நிறை 20 கிராம் அளவுள்ள கனத்த கையில் பொருத்தி, வெவ்வேறு அதிர்வெண்கள் பதிந்த சோதனைத் தட்டை ஓடவிட்டோம். அதிர்வெண் ஆறு ஹெர்ட்ஸை நெருங்கியபோது ஹெட்ஷெல் (கையின் நுனியில் கார்ட்ரிட்ஜ் பொருத்தும் பகுதி) இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கியது. சீராக ஒலித்துக்கொண்டிருந்த சோதனைச் சுருதி கூடவே அலைந்தது. அதே கார்ட்ரிட்ஜை எடை குறைந்த வேறொரு கைக்கு மாற்றியதும் நடுக்கம் பத்து ஹெர்ட்ஸ் அருகே லேசாக வந்து போயிற்று. விலைப்பட்டியலைப் பார்த்து கார்ட்ரிட்ஜ் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் சங்கத்தில் அன்றோடு ஒழிந்தது என்றே நம்புகிறேன்.

அடுத்து மின்சாரம். ஏசி மோட்டாரால் இயங்கும் பெல்ட் டர்ன்டேபிள் ஒன்றை அமெரிக்காவிலிருந்து ஓர் உறுப்பினர் வரவழைத்தார். கூடவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கியிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர, நம் 50 ஹெர்ட்ஸை அமெரிக்காவின் 60 ஆக்காது; அந்த மோட்டாரின் வேகமோ அதைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய தட்டு 28-க்கும் குறைவாகச் சுழன்றது. ஐந்து கட்டையில் பாடிய குரல் மூன்று கட்டைக்கும் கீழே இறங்கிவிட்டது. தீர்வை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் செய்து கொடுத்தார். பழைய புல்லியைவிட விட்டம் 1.2 மடங்கான, பெல்ட்டை ஓட்டும் பித்தளைப் புல்லி அது. சுழல் வேகத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரோப் அட்டையில் கோடுகள் அசையாமல் நின்றன. ஜப்பானிலிருந்து வாங்குவோரும் கவனிக்க வேண்டும். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60.

இனி உதிரிப்பாகம். உயர்ரகக் கருவி என்றால் ஆயுளுக்கும் ஆதரவு கிடைக்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை. எஸ்எம்இ நிறுவனம் 2019 இறுதியில் தன் கைகளைத் தனியாக விற்பதை நிறுத்தியது. ஷூர் 2018-ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பிலிருந்தே விலகியது. டெக்னிக்ஸ் 2010-ல் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வரிசையை நிறுத்தி, 2016-ல் மீண்டும் கொண்டுவந்தது. மறுபக்கம், கிளாஸ்கோவின் லின் தனது எல்பி12 டர்ன்டேபிளை 1970-களிலிருந்து இன்றுவரை தயாரித்து வருகிறது. புதிய பேரிங், மோட்டார், பவர் சப்ளை முதலியவற்றைப் பழைய கருவியிலும் பொருத்த வழிசெய்திருக்கிறது. நிறுவனம் விலகினாலும் வழி அடைபட வேண்டும் என்பதில்லை. ஷூர் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு ஜப்பானின் ஜிகோ மாற்று முட்களைச் செய்கிறது. கேரார்ட் 301 போன்ற 1950-களின் கருவி பெரும்பாலும் இயந்திரப் பாகங்களால் ஆனது. கைதேர்ந்த லேத்காரரும் நல்ல எண்ணெயும் இருந்தால் அது இன்னும் ஓடும். பழைய ஜப்பானிய டைரக்ட்-டிரைவ் (பெல்ட் இன்றி மோட்டாரே நேராகச் சுழற்றும்) கருவிகள் சிலவற்றில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சிப் போய்விட்டால், இன்னொரு கருவியைப் பிரித்து எடுப்பதுதான் வழி. நம் உறுப்பினர் ஒருவரின் விலை உயர்ந்த கருவி, தயாரித்த நிறுவனம் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டதால், இரண்டு ஆண்டுகளாகத் துணி போர்த்தி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்கான பேரிங்கை இங்கேயே செய்ய முயன்று வருகிறோம்.

முள் விஷயத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மூவிங் காயில் (முள்ளோடு கம்பிச்சுருள் அசையும்) கார்ட்ரிட்ஜில் பொதுவாக முள்ளை வீட்டில் கழற்றி மாற்ற முடியாது. தேய்ந்தாலும், தூசி துடைக்கும் துணியில் மாட்டி முறிந்தாலும், முழு கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும் அல்லது மறுமுள் பொருத்த வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். தினமும் தட்டு கேட்பவர்களுக்கு, முள்ளை மட்டும் மாற்றக்கூடிய மூவிங் மேக்னட் (முள்ளோடு காந்தம் அசையும்) வகையே ஏற்றது. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே உடலில் எல்லா முட்களும் பொருந்துகின்றன. 78 சுற்று அரக்குத் தட்டுக்கான அகல முள்ளும் அதில் உண்டு. அந்த முள்ளுக்கு 5 கிராம் அழுத்தம் தேவை என்பதால், எல்.பி. முள்ளுக்கு மாறும்போது அழுத்தத்தை 2 கிராமுக்கு இறக்க மறக்கக் கூடாது. நம் மூத்த உறுப்பினர்களின் சேமிப்பில் 78-கள் ஏராளம். எல்.பி. முள்ளால் அவற்றை ஓட்டினால், அது அகன்ற பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு இரைச்சலை மட்டுமே எடுத்துத் தரும்.

பெட்டி பிரிக்காத 1980-களின் முட்களைப் பெருவிலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. பெட்டி புதிதாக இருக்கலாம், உள்ளே இருக்கும் ரப்பருக்கு நாற்பது வயது. நம் கடற்கரைக் காற்று ஹெட்ஷெல்லின் மின்தொடர்பு முனைகளையும் விட்டுவைப்பதில்லை. ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வருகிறது என்று கொண்டுவந்த பல கருவிகள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அந்த முனைகளைத் துடைத்ததுமே சரியாயின. கார்ட்ரிட்ஜை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, பதிவேட்டில் உள்ள கருவிகளுக்கான பெல்ட், முள், ஹெட்ஷெல் கம்பிகள் ஆகியவற்றை அளவோடு வாங்கி, சங்கத்தின் பொதுப் பெட்டியில் குளிர்ந்த இடத்தில் வைப்பது. ரப்பர் பொருள்களைத் தேக்கிவைக்காமல் முதலில் வந்ததை முதலில் கொடுப்பது. இரண்டு, ஒவ்வொரு உறுப்பினரும் முள் ஓடிய மணி நேரத்தைக் குறித்துவருவது. பொதுவாக 1000 மணி நேரத்தை எல்லையாகச் சொல்கிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்பவருக்கு அது மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. தேய்ந்த முள் வெட்டிய தட்டைத் திரும்பப் பெற வழியில்லை.

கூட்டங்களுக்குத் தங்கள் வீட்டு மாடியைத் திறந்துவிட்ட உறுப்பினர்களுக்கும், நுண்ணோக்கியை இரவல் தந்த கல்லூரிப் பேராசிரியருக்கும், கூலி வாங்க மறுத்த அம்பத்தூர் பட்டறைக்காரருக்கும் சங்கத்தின் சார்பில் என் நன்றி. அறிக்கையையும் இரு தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்றருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்