இருபது ரூபாயிலிருந்து மகமைக்கு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மூன்று ஷிப்டிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதலில் நன்றி. வழக்கமான விவரங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மார்ச் 31 அன்று நம் நூற்பாலைச் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 186. செயற்குழு ஏழு முறை கூடியது. ஓய்வு பெற்ற பின்னும் மாதாமாதம் வந்து பணம் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களை இந்த ஆண்டு இழந்தோம். கூட்டத்தின் தொடக்கத்தில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் உதவி நிதிக்கு ஆளுக்கு மாதம் 20 ரூபாய் என்று 1998-இல் முடிவு செய்தார்கள். அன்று கேன்டீனில் அந்தப் பணத்துக்குப் பத்து டீ கிடைக்கும். இன்று கேட்டுக்கு வெளியே இரண்டு டீ குடித்தால் பாக்கி வராது. சம்பளம் ஏறியது, பஞ்சப்படி ஏறியது, மருத்துவச் செலவு எங்கேயோ போய்விட்டது. சம்பளச் சீட்டில் ‘உதவி நிதி 20’ என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. 186 பேருக்கு மாதம் 3,720 ரூபாய். ஒரு நோயாளியை மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்து வந்தால் அந்த மாத நிதி தீர்ந்துவிடும். உதவி கேட்டு வந்த எத்தனையோ பேரிடம் “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது என்னை மிகவும் உறுத்தியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு வழி தெரியாமல் இல்லை. மகமை என்றால் என்ன என்று விருதுநகரில் பிறந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. கடையில் நடக்கிற வியாபாரத்துக்கு ஏற்ப ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். சரக்கு அதிகம் போனால் மகமையும் அதிகம், வியாபாரம் படுத்தால் மகமையும் குறையும். வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளிதான். காமராஜர் படித்த பள்ளி. இதை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மகமை ஒரு விகிதம் என்பதை நம் சங்கம் மறந்துவிட்டது. ஆகவே தொகையை விட்டுவிட்டு விகிதத்துக்கு மாறலாம் என்று ஜூன் மாதச் செயற்குழுவில் முடிவு செய்தோம்: மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு அரை, அல்லது நூற்றுக்கு ஒன்று, அல்லது அவரவர் விருப்பத் தொகை. பழையபடி 20 ரூபாயே போதும் என்றாலும் சரி.

சொல்வது சுலபம். ஆனால் 2023 டிசம்பரில் நடந்தது யாருக்கும் மறக்கவில்லை. 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. நம்மில் பல பேருக்கு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் சொந்தபந்தம் உண்டு. கேட்டிருந்தால் ஒருவர்கூட மறுத்திருக்க மாட்டார். ஆனால் கேட்காமலே, வெள்ள நிவாரணத்துக்கென்று எல்லாருக்கும் ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. கொடுக்க மனமிருந்தவர்களுக்குக்கூட, கொடுத்தோம் என்கிற நிறைவு கிடைக்காமல் போனது. அந்தக் கசப்பு சங்கத்தின் மேலும் விழுந்தது, அதில் நியாயம் இருக்கிறது. நாம் அன்று வாய் திறந்திருக்க வேண்டும்.

அதனால் இந்த முறை நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டவில்லை. புளோ ரூம், ரிங் பிரேம், கோன் வைண்டிங், அலுவலகம் என்று பிரிவுக்கு இரண்டு பேர், அந்தந்தப் பிரிவிலேயே வேலை செய்கிறவர்கள், தான் முதலில் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பிரிவில் மேற்பார்வையாளரும் கூடவே போய்விட்டார். நல்ல எண்ணத்தில்தான் போனார். ஆனால் அன்று வந்த 14 படிவங்கள் பயத்தில் வந்தவையா, மனதார வந்தவையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து அவர் இல்லாமல் திரும்பக் கேட்டோம். 11 பேர் கொடுத்தார்கள். மூன்று பேர் கொடுக்கவில்லை. அந்த மூன்று பேரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை, இனியும் கேட்கக் கூடாது.

வைண்டிங்கில் ஓர் அக்கா படிவத்தை வாங்கி மூன்று நாள் முந்தானையில் முடிந்தே வைத்திருந்தார். நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். “தம்பி, பிள்ளைக்கு உடம்பு முடியாம பத்து நாள் லீவு போட்டா அந்த மாசம் எவ்வளவு பிடிப்பீங்க?” என்று கேட்டார். வாங்குகிற சம்பளத்தில்தான் நூற்றுக்கு அரை, சம்பளம் குறைந்தால் பிடித்தமும் குறையும், சம்பளமே இல்லாத மாதம் ஒன்றும் கிடையாது என்றேன். “அந்த இருபது ரூவா அப்படிக்கூடப் பார்க்கிறதில்லையே” என்றார். உண்மைதான். லீவு போட்ட மாதமும், வராத நாளுக்கு வெட்டு விழுந்த மாதமும் அது முழுசாகவே போய்க்கொண்டிருந்தது. படிவத்தை அங்கேயே விரித்து ஜன்னல் கட்டையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அப்புறம் நாங்கள் எல்லாப் பிரிவிலும் முதலில் இதைத்தான் சொன்னோம். அதிகம் கேட்கிறோம் என்பதைவிட, கஷ்டப்படுகிற மாதத்தில் குறைவாகத்தான் எடுப்போம் என்ற சொல்தான் ஆட்களை நம்ப வைத்தது.

மார்ச் நிலவரப்படி 97 பேர் நூற்றுக்கு அரை விகிதத்திலும், 31 பேர் நூற்றுக்கு ஒன்று விகிதத்திலும், 22 பேர் சொந்தத் தொகையிலும், 36 பேர் பழைய 20 ரூபாயிலும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் சம்பளத்திலிருந்து புதுப் பிடித்தம் தொடங்கியது. முதல் மாதம் 9,140 ரூபாய், மார்ச்சில் 17,080 ரூபாய். யார் எவ்வளவு என்று பட்டியல் ஒட்ட மாட்டோம். பிரிவுவாரியாக மொத்தம் மட்டும் போடுகிறோம். பெயரைப் போட்டால் வசூல் இன்னும் கூடும் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். கூடலாம். ஆனால் 20 ரூபாய் கொடுக்கிற மனிதர் அந்தப் பலகையைக் கடந்து தினமும் வேலைக்குப் போக வேண்டும்.

நிர்வாகமும் தன் பங்காக 50,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. ‘தொழிலாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய், 50,000 வரை’ என்று ஆகஸ்டிலேயே எழுத்தில் கொடுத்ததுதான் பெரிய உதவி. தன் பணம் இரட்டிப்பாகிறது என்று தெரிந்ததும் தயங்கி நின்றவர்கள் பலர் வந்தார்கள். ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்திருந்தால் இந்தப் பலன் இருந்திருக்காது.

வருமான வரி பற்றி அலுவலக நண்பர்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். நன்கொடை கொடுத்தவருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு நம் சங்கத்துக்குக் கிடையாது. நாம் நன்கொடையை மொத்தமாகப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பியபோது ரசீது சங்கத்தின் பெயரில் வந்தது. கொடுத்தவர்களால் அதைக் கணக்கில் காட்ட முடியவில்லை. ஜனவரியிலிருந்து, விரும்புகிறவர்களின் பெயர், பான் எண், தொகையைத் தனிப் பட்டியலாக அனுப்புகிறோம். அவரவர் பெயரில் நன்கொடைச் சான்று வரும், பாதித் தொகைக்குக் கழிவு கேட்கலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது; புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குவதில்லை. அவர்கள் எந்தச் சலுகையும் எதிர்பாராமல் கொடுத்தார்கள்.

வரவு: ஆரம்ப இருப்பு 6,215. உறுப்பினர் பிடித்தம் 1,18,460. நிர்வாகப் பங்கு 50,000. ஆக 1,74,675 ரூபாய். செலவு: சிகிச்சை உதவி 72,000, அரசுப் பள்ளிக்குக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் 58,500, கல்லூரிக் கட்டணம் 27,000, அச்சு மற்றும் வங்கிச் செலவு 1,340. கையிருப்பு 15,835 ரூபாய். பள்ளி வேலையில் குழாய் இணைப்பு இரண்டு மாதம் தாமதமானது. இப்போது தண்ணீர் வருகிறது, போன வாரம் நானே போய்த் திறந்து பார்த்தேன்.

இந்த ஆண்டு யாரும் “அடுத்த மாசம் வாங்க” என்ற பதிலோடு திரும்பிப் போகவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு யோசனை வைக்கிறது. இப்போது அரை விகிதத்தில் இருப்பவர்கள் உடனே ஏற்ற வேண்டாம். அடுத்த ஊதிய உயர்வு கைக்கு வரும் மாதத்திலிருந்து நூற்றுக்கு முக்கால் என்று இன்றே எழுதிக் கொடுக்கலாம். கையில் வாங்குவது குறையாது. மனம் மாறினால் எந்த மாதமும் ஒரு வரி எழுதி நிறுத்திக்கொள்ளலாம். படிவங்கள் உங்கள் பிரிவு நண்பர்களிடம் இருக்கின்றன.

இந்த அறிக்கையையும் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்