கோடு வரையும் மகனுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு மகன் செல்வனுக்கு,

மீன்பிடிக்கத் தடை விதிக்க வேண்டிய கடற்பகுதிகளை வரைபடத்தில் குறிக்கும் குழுவில் சேர்ந்திருப்பதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. கரைவலை இழுத்தவரின் பேரன் நீ என்பதால் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. நேட்டால் கரையில் ஒரு காலத்தில் ஏராளமாகக் கிடைத்த செவன்டி ஃபோர் மீனை அள்ளித் தீர்த்துவிட்டோம். இன்று அதைப் பிடிப்பதே குற்றம். மேற்கு கேப் கரையில், மீன்பிடிக்கத் தடையுள்ள டி ஹூப் கடற்காப்பகத்தில் அடையாளமிட்டு விட்ட கல்யோன் மீன்களில் பல அங்கேயே தங்கினாலும், சில நெடுந்தூரம் நீந்தி வெளியே தூண்டிலில் அகப்பட்டிருக்கின்றன. ஆகவே காப்பகத்தால் அக்கம்பக்கத்து மீனவனுக்கும் பயன் உண்டு.

ஆனால் கிழக்கு கேப் கரையிலுள்ள துவேசா-க்வேபேயில் நடந்ததையும் நீ படிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பாறைகளில் சிப்பி பொறுக்கியும் தூண்டில் போட்டும் வாழ்ந்த மக்களின் கடல், 2000ஆம் ஆண்டில் முழுத்தடைப் பகுதியாக்கப்பட்டது; 2010இல் அங்கே மீன்பிடிக்க முயன்றதாக மூவர் கைதாகித் தண்டிக்கப்பட்டார்கள். 2018 ஜூனில் புளூம்ஃபொன்டைனிலுள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், கடல்வளச் சட்டம் அவர்களது வழக்காற்று உரிமையை அழித்துவிடவில்லை என்று கூறித் தண்டனையை நீக்கியது. நீதி கிடைத்ததுதான், எட்டு ஆண்டு அலைந்த பிறகு. மறு ஆண்டே நாட்டில் 20 புதிய காப்பகங்கள் அறிவிக்கப்பட்டு, பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பு 0.4 சதவீதத்திலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. சதவீதக் கணக்கில் அதனால் யாருடைய அடுப்பு அணைகிறது என்பது தெரியாது.

நம் குடும்பத்துக்கும் இது புதிதல்ல. டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில் குடியிருந்து வலை வீசிய நம்மவர்களை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைத் தளத்துக்காக அப்புறப்படுத்தினார்கள். அது மீனைக் காக்க நடந்ததன்று. ஆயினும் கேட்காமல் கோடு போட்டால் என்ன மிஞ்சும் என்பதை உன் தாத்தா அங்கேதான் கண்டார்.

நம் பக்கத்து வீட்டுப் பெரியவரை நினைத்துப் பார். அவருடைய இரைப்பெட்டியின் மூடியில் 30 சென்டிமீட்டருக்கு ஆணியால் கீறிய கோடு ஒன்று இருக்கிறது. அதைவிடச் சிறிய ஷாட் மீனை மறுபடியும் தண்ணீரில் விட்டுவிடுவார். நாளொன்றுக்கு நான்கு மீன்தான் என்பதையும், அக்டோபரிலும் நவம்பரிலும் தொடக்கூடாது என்பதையும் முணுமுணுத்துக்கொண்டேயாவது கடைப்பிடிக்கிறார். முட்டையிடும் பருவம் என்பது அவரே கண்ணால் கண்ட உண்மை. உங்கள் தடைக்கோட்டுக்கும் அவருக்கு விளங்கும் காரணம் இருக்க வேண்டும். கோடு எங்கே விழ வேண்டும் என்று அவரிடமும் கேட்க வேண்டும். எந்தப் பாறையடியில் எந்த மாதம் மீன் சேரும் என்பது உங்கள் செயற்கைக்கோளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்று நான் பந்தயமே கட்டுவேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலைநாள் காலையில், நகரத்து ஓட்டலில், ஆங்கிலத்தில் மட்டும் நடத்திவிட்டு, மீனவர்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதாதீர்கள். ஜூன், ஜூலையில் வைக்கவே வேண்டாம். அப்போது சார்டின் (மத்தி) மீன்கூட்டம் கரையோரம் வந்துவிட்டால் கரையில் இருப்பவன் எவனும் உங்களைத் தேடி வரமாட்டான்.

அன்புடன்,
அப்பா