சிவந்து போன பிரிண்ட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். "சோகக் காட்சின்னா நீலமாக்கிடுன்னு டைரக்டர் சொல்றார். சோகம்னா நீலந்தானாப்பா?" என்று போனில் கேட்டாயே, எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாளாக அதே யோசனை. எடுத்த படத்துக்குக் கம்ப்யூட்டரில் நிறம் சரிசெய்கிற உன் டிஐ வேலை எனக்கு முழுசாகப் புரியாது. ஆனால் முப்பது வருஷம் ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாகத் திரையோடு சேர்த்து ஜனங்களின் பின்மண்டையையும் பார்த்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டூரிங் கொட்டகைக்கு நாடோடி மன்னன் மறுபடியும் வந்தது. 1958-இல் எடுத்த படம். கறுப்பு வெள்ளையில் போய்க்கொண்டே இருந்து, பிற்பகுதியில் கேவா கலர் என்கிற வண்ண ஃபிலிமுக்கு மாறும். மாறுகிற அந்த நிமிஷம் தரை டிக்கெட் மொத்தமும் 'ஆ' என்று ஒரு சத்தம் போடும். இத்தனைக்கும் அதே ஆட்கள் முந்தின வாரம்தான் முழுநீளக் கலர் படம் பார்த்துவிட்டுப் போனவர்கள். அதற்கு ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நேரம் நிறமே இல்லாமல் உட்கார வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று கேள். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும். அதனால் பழைய படப்பெட்டி வந்தால் வானம், வயல், கதாநாயகி எல்லாமே ரோஸ் நிறத்தில்தான் இருக்கும். "பிரிண்ட் சிவந்து போச்சு" என்போம். ஒரு தடவை அப்படி ஒரு அழுகைப் படம். சாவு வீடு கல்யாண வீடு மாதிரி சிவந்து கிடக்கிறது. நான் மேலே கூச்சத்தில் நெளிகிறேன். கீழே பெண்கள் முந்தானையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பத்து நிமிஷம் முணுமுணுத்ததோடு சரி, அப்புறம் கண் பழகிவிட்டது. எல்லாமே சிவப்பாக இருந்தால் சிவப்பு என்று ஒன்றே கிடையாது, பாப்பா.

போன லீவில் உன் லேப்டாப்பில் ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் காட்டினாய். 1993-இல் வந்த படம், ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்ற காலத்துக் கதை என்றாய். கறுப்பு வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே சிவப்புக் கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண் நடந்து போகிறாள். ஆட்களை வீடு வீடாக இழுத்துப்போட்டுச் சுடுகிறார்கள், நம் கண்ணோ அவளை விட்டு நகரவில்லை. அப்புறம் வெகுநேரம் கழித்துப் பிணங்களை ஏற்றிய வண்டியில் அதே கோட்டு. முகம்கூட நினைவில்லை, கோட்டை வைத்துத்தான் அவள் என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சிவப்புக்குக் கோபம், ஆபத்து என்றெல்லாம் அட்டவணை போட்டு அர்த்தம் சொல்ல முடியுமா? கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் கையைக் காட்டி, "இவளைப் பார்த்துக்கொள்" என்று நம்மிடம் ஒப்படைத்த மாதிரி இருந்தது. நாம் பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உன் டைரக்டரிடம் நீலம் வேண்டாம் என்று சண்டைக்குப் போகாதே. பெரியவர் வீடு திரும்புகிற காட்சி என்றாயே, அதற்கு முந்தின காட்சிகள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று முதலில் பார். அவர் மனைவி உயிரோடு இருந்தபோது அந்தச் சமையலறையில் குண்டு பல்பு மஞ்சள் இருந்ததா? இருந்தால் அதைக் கொஞ்சம் கூட்டி வை. அப்புறம் அதே சுவரில் அந்த மஞ்சளை எடுத்துவிட்டாலே போதும். நீலம் ஊற்ற வேண்டிய அவசியமே வராமல் போகலாம். முதல் ரீலிலிருந்தே நீலம் அடித்தால் என் சிவந்த பிரிண்ட் கதைதான்.

முடிந்தால், வெளியே காட்டக்கூடியது என்றால், அந்தக் காட்சியை இரண்டு விதமாகவும் அனுப்பு. எது எது என்று சொல்லாதே. உன் அம்மாவை உட்கார வைத்துக் காட்டுகிறேன். பாட்டைப் போடாமல் அனுப்பு. பாட்டு வந்தால் அவள் எந்த நிறத்துக்கும் அழுவாள்.

அன்புடன்,
அப்பா