அது நீர்வண்ணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, ஆங்கில ஓவியர்களான டேனியல்களின் படத்தை (முன்னால் அடர்ந்த மரங்கள், தொலைவில் சிதைந்த கோயில்) நீர்வண்ண ஓவியம் என்று குறித்திருந்தீர்கள். அது கையால் வண்ணம் தீட்டிய அக்வாடின்ட் அச்சு, அதாவது செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, மையேற்றி எடுப்பது. தாமஸ் டேனியலும் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 இந்தியக் காட்சிப் படங்களில் ஒன்று.

செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவி, அடியில் சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். சூடு மிஞ்சினால் துகள்கள் உருகி ஒன்றாகிவிடும், அமிலம் இறங்க இடமிருக்காது. குறைந்தால் அமிலத்திலேயே உதிர்ந்துவிடும். அரிப்பு கூடினால் அச்சில் கருமை கூடும். அதனால் வானத்தையும் தொலைதூர இடிபாட்டையும் சிறிது நேர அரிப்பிலேயே வார்னிஷ் பூசி மூடுவார்கள். மரநிழல் திரும்பத் திரும்ப அமிலத்தில் இறங்கும். அந்தப் படங்களின் அமைதி பெரும்பாலும் இந்த நேரக்கணக்கில்தான் இருக்கிறது. வண்ணம் பிறகு வந்தது.

வாங்குவோர் பத்து மடங்கு லென்ஸில் பார்க்கட்டும். ஒழுங்கற்ற வலைபோன்ற நுண்கோடுகள் தெரிந்தால் அக்வாடின்ட். வரிசைப் புள்ளிகள் என்றால் பிற்கால மறுபதிப்பு. தகடு அழுந்திய தடமும் ஓர் அடையாளம்தான், ஆனால் ஓரம் வெட்டிய பிரதிகளில் அது இராது, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் இணைப்பில் அச்சேற்றும்போது கருமையைக் கூட்டியதில் கோபுரத்தின் மேல்பகுதி வானத்தோடு கரைந்துவிட்டது. வெளிர்ப் பகுதியைத் தனியே சரிசெய்யலாமே?

அச்சோவியப் பயிற்றுநர்,
சென்னை