பதினான்கு பேருக்குச் சமைக்கப்போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தங்கச்சிக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. வலி குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் வந்து நிற்கும், விடாதே. மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தக் கையில் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க வேண்டாம்.

விடுமுறைக்கு 14 பேர் வருகிறார்கள், இந்த முறை நீதான் சமைக்க வேண்டும், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரே அறையில் இருந்த நாட்களில் ஓர் அடுப்பையும் ஒரு பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு ஏழு பேருக்குப் பொங்கிப் போட்டவர்கள்தானே நாம். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் பசித்த பையன்கள். இப்போது உன் வீட்டுக்கு வருகிறவர்களில் பல் போன பெரியவரும் உண்டு, பல் முளைக்காத பிள்ளையும் உண்டு. உன் பயம் நியாயமானதுதான்.

அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போனதிலிருந்து எங்கள் வீட்டு விடுமுறைச் சமையல் ஆறு வருடமாக என் கையில் இருக்கிறது. இதில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: விருந்தன்று சமைக்காதே. அன்றைக்குச் சூடாக்கு, பரிமாறு, உட்கார்ந்து நீயும் சாப்பிடு. மற்ற எல்லாம் அதற்கு முந்திய நாட்களிலேயே முடிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் மறுநாளில் ருசி கூடுகிற பதார்த்தங்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். இறைச்சிக் குழம்பு அந்த வகை. விலை குறைந்த, நரம்பும் சவ்வும் உள்ள துண்டுகளை வாங்கு. தீயைக் குறைத்து இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் அந்தச் சவ்வு கரைந்து குழம்புக்கே ஒரு வழவழப்பைக் கொடுக்கும். இரவு குளிர்பெட்டியில் இருந்தால் காரமும் உப்பும் உள்ளே இறங்கும். மேலே படியும் கொழுப்பைக் காலையில் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். சூப்பும் பயறு வகைகளும் அப்படித்தான். ராஜ்மா போடுவதாக இருந்தால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடு. அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டிவிடும். மிதமான சூட்டிலேயே வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போடவே கூடாது.

முதல் வருடம் நான் செய்த தவறை நீ செய்துவிடாதே. முந்தின இரவே பெரிய பானை நிறைய சூப் வைத்தேன். வெளியே இலையெல்லாம் உதிர்ந்து நல்ல குளிர். இந்தக் குளிரில் என்ன ஆகிவிடும் என்று அடுப்பின் மேலேயே மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் நுரையும் புளித்த வாடையும். மொத்தத்தையும் கொட்டினேன். நண்பா, அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது. ஆழமான பானையின் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரம் ஆகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருக்கிற சூடு கிருமி பெருகத் தோதான சூடு, இரவெல்லாம் சூப் அதில்தான் கிடந்திருக்கிறது. இப்போது அடுப்பை அணைத்ததும் அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றிவிடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் குளிர்பெட்டிக்குள் போய்விடும். மறுநாள் சூடாக்கும்போது ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, முழுக்கக் கொதிக்க வேண்டும்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேருக்கான குறிப்பை எடுத்து எல்லாவற்றையும் மூன்றரை மடங்காக்கினால் சரியாக வராது. பாத்திரம் பெரிதாகிறது, ஆனால் ஆவி போகிற வாய் அந்த அளவுக்கு அகலமாவதில்லை. அதனால் தண்ணீரை மடங்குக் கணக்கில் ஊற்றாமல் குறைத்து ஊற்று, வேண்டுமானால் பிறகு சேர்க்கலாம். உப்பும் மிளகாயும் அப்படியே. வெங்காயத்தை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவையாக வதக்கு. ஒரே நேரத்தில் குவித்துப் போட்டால் அதன் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துப்போகும். பத்து நிமிடத்தில் பொன்னிறம் என்று குறிப்புகளில் போட்டிருப்பதை நம்பாதே, நல்ல நிறம் வர முக்கால் மணி நேரம் ஆகும். முந்தின நாள் சாயங்காலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிதானமாகச் செய்கிற வேலை அது.

ஓவனில் காய் வாட்டும்போதும் இதே கதைதான். துண்டுகளைத் துணியால் ஒற்றித் துடைத்து, எண்ணெய் தடவி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பு. ஈரம் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நமக்குப் பிடித்த அந்தப் பழுப்பு நிறமும் மணமும் 140 டிகிரி வாக்கில்தான் பிறக்கின்றன. சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சேர்ந்து இப்படி நிறம் மாறுவதை 1912இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் முதலில் விவரித்தார். ரொட்டியின் மேல்தோலுக்கும் வாட்டின இறைச்சிக்கும் அதே காரணம். என் மகள் பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள், அன்றிலிருந்து தட்டை நெருக்கி அடுக்க எனக்குக் கை வருவதில்லை.

இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பரங்கிக்காய். தோல் கெட்டியாக, காம்போடு இருக்கிறதாகப் பார்த்து இப்போதே வாங்கி வைத்துவிடு. காம்பைப் பிடித்துத் தூக்காதே, ஒடிந்தால் அந்த இடத்திலிருந்து அழுகத் தொடங்கும். ஈரமில்லாத, குளுமையான மூலையில் சில வாரம் இருந்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இன்னும் இனிக்கும். உருளைக்கிழங்கை மட்டும் குளிர்பெட்டியில் வைத்துவிடாதே. அங்கேயும் மாவுச்சத்து சர்க்கரையாகத்தான் மாறுகிறது, ஆனால் வறுக்கும்போது சீக்கிரமே கறுத்துக் கசந்துவிடும். பரங்கிக்கு நல்லதாக இருக்கிற மாற்றம் கிழங்குக்குக் கெடுதலாகிவிடுகிறது, பார்த்தாயா?

கசப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. போன வருடம் ஆப்பிளையும் கேரட்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தேன். விருந்துக்கு முந்தின நாள் கேரட்டைக் கடித்துப் பார்த்தால் ஒரே கசப்பு. ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அது பட்டால் கேரட் கசந்துபோகும். இரண்டையும் தனித்தனியாக வை.

உறைந்த கோழி வாங்குவதாக எழுதியிருந்தாய். இரண்டு கிலோ கோழி குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக ஒரு முழு நாள் ஆகும், நீ ஒன்றரை நாளாகக் கணக்கு வைத்துக்கொள். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடு. தொடையின் தடித்த பகுதியில் எலும்பில் படாமல் குத்திப் பார்த்து 74 டிகிரி காட்டினால் இறக்கிவிடலாம். இறக்கி இருபது நிமிடம் கழித்து வெட்டு, சாறு தட்டில் ஓடாது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதானால் நாக்குக்கும் மூக்குக்கும் கூர்மை குறைகிறது. என் அப்பாவுக்கு உப்பும் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அவருடைய பங்கை உப்புப் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்து, பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்து, மிளகு கொஞ்சம் தாராளமாகத் தூவுகிறேன். புளிப்பு சேர்ந்தால் உப்புக் குறைந்தது தெரிவதில்லை. உன் மாமனாருக்கும் செய்து பார்.

நீயும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் தெரியுமா? சின்ன வயதில் எந்த விடுமுறையிலும் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே, ஆறிப்போனதைச் சாப்பிடுவாள். அதை நாங்கள் யாரும் கவனித்ததுகூட இல்லை. நான் சமைக்கத் தொடங்கின முதல் வருடம் நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன், அப்போதுதான் உறைத்தது. போன வருடம் முதல் தட்டை அம்மாவுக்கு வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள். இன்னொரு கரண்டி கேட்டாள். அவளிடம் கற்றுக்கொண்ட அதே சூப்புதான். "இதில் என்னடா போட்டாய்?" என்று கேட்டாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலை கிடைத்துத் தனியாகப் போன பிறகு முதல் விடுமுறைக்கு வருகிறாள். வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து, ரொட்டி மாவு ஏன் உப்பவில்லை என்று கேட்கிறாள். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும், அவசரப்படாமல் ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் விட்டுக் காலையில் சுடு, ருசியும் கூடும் என்று சொன்னேன். இந்த வருடம் ரொட்டி அவள் பொறுப்பு. எனக்கு மார்ச் மாதத்தோடு வேலை ஓய்வு. அதற்கப்புறம் உன் ஊருக்கு வந்து ஒரு வாரம் தங்குவதாக இருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உன் பேரப்பிள்ளைகளுக்கும் வேலை கொடு. பரங்கி விதையை வழித்துக் கழுவி, உலர்த்தி, உப்புப் போட்டு வறுக்கிற வேலை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தங்கச்சியை மேசைத் தலைமாட்டில் உட்காரவைத்து ருசி பார்த்துச் சொல்லச் சொல். என்னென்ன செய்தாய், எது மிஞ்சியது, எது முதலில் தீர்ந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்